மலையில் விட்ட சீலைத் துண்டு

அன்பு மகளுக்கு,

இந்தச் செப்டெம்பரும் மான் வேட்டைக்குக் கூட வாறியளோ என்று நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு "ஏலாது பிள்ளை" என்று இரண்டே சொல்லில் மறுமொழி சொல்லிவிட்டேன். நீ "சரி அப்பா, அப்ப நான் தனியப் போறன்" என்றாய். நான் வழக்கம்போல தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் இருவரும் கதைத்து முடியும்வரை குசினி ஜன்னலடியில் நின்று, சொல்லாமல் விட்டதையெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வாயால் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். கணிதம் படித்தவன், பிறகு இங்கே டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை அளந்து சரிபார்த்தவன். என்ன எழுதப்போகிறேன் என்பதை முதலில் இலக்கமிட்டு வைக்காவிட்டால் ஒரு வரியும் நகராது. சிரிக்காமல் வாசி.

1. துவக்கைக் கண்டாலே ஒதுங்கும் நான் உன்னோடு கிரீன்லாந்துக்கு மான் வேட்டைக்கு வந்தது எப்படி.
2. முதல் நாள் என் மழைக்கோட்டு செய்த வேலை.
3. அம்மாவின் சிவப்புச் சீலை.
4. நீ தொடாதே என்ற இறைச்சியை நான் தொட்டது.
5. மற்றவர்களின் நிலத்தில் நாம் நடந்துகொள்ளவேண்டிய முறை.
6. இந்தச் செப்டெம்பரில் நான் வரக்கூடாது என்பதற்கான காரணங்களும், நீ தனியே போவதானால் செய்யவேண்டியவையும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நமது தமிழ்ச் சங்க மலருக்கும் கொடுக்கிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. போன மாதம் இஷொய் நகரில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணை, உங்கட மகள் அங்க துவக்கோட திரியிறாவாம், மெய்யோ?" என்று கேட்டார். நான் "அவ அங்க ஆஸ்பத்திரியில தாதி" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது மறுமொழி அல்ல. வீடு வரும் வழியில் அம்மா, "ஓம், சுடுறாதான், ஒரு வெடியில விழுத்துவா எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், அவர் இந்த மலரை வாசிப்பவர்தான்.

முதலாவதுக்கு வருகிறேன். நாங்கள் துவக்குச் சத்தத்திலிருந்து ஓடி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஆகவே நீ தாதிப் படிப்புப் படிக்கும்போதே வேட்டை அனுமதிக்கான சோதனை எடுக்கப்போகிறேன் என்றபோது, நான் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போனேன். நீ அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. சுடும் பயிற்சித் திடலுக்கு பஸ் இல்லை, கொண்டுபோய் விடமுடியுமா என்று மட்டும் கேட்டாய். வாரா வாரம் கொண்டுபோய் விட்டேன். நீ சுட்டு முடிக்கும்வரை காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வானொலியைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் நீ ஒரு காட்டுப் பறவையைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சமைக்கிறது நான். இறகு பிடுங்கிறது சுட்ட ஆள். அதுவும் வெளியில நிண்டு" என்று கதவைச் சாத்தினார். நான் உனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டேன். அவ்வளவுதான் அன்று நான் உனக்குக் காட்டிய ஆதரவு.

நீ ஒரு வருட வேலைக்கு என்று கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாய். அங்கே குடியிருந்து காலம் ஆனதால் மான் சுடுவதற்கு உனக்கு அனுமதி கிடைத்தது. கூட வருவதாகச் சொன்ன தோழிக்கு வேலை மாறிவிட்டது என்று போன வருடம் கோடையில் அழைத்தாய். "அப்பா, சுடுறது நான். சுமக்க ஒரு ஆள் வேணும்." நான் "ஓம், வாறன்" என்றேன். எதற்கும் முதல் கேள்வியிலேயே ஓம் சொல்லாத மனிதன் நான். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மகள், அந்தப் படகுப் பயணத்தை இப்போது நினைத்தாலும் என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு நீந்தத் தெரியாது. உன் பக்கத்து வீட்டு மாலிக் படகை ஓட்டினான். அவன் அந்த மண்ணின் பிள்ளை, படகு ஓட்டும்போதே ஒரு கையால் கோப்பி குடிக்கிறவன். நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபுறமும் மலை, நடுவிலே பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர், அதில் வீட்டளவு பனிக்கட்டிகள் மெதுவாக உருண்டு திரும்புகின்றன. வழிநெடுக ஒரு வீடு இல்லை, ஒரு கம்பம் இல்லை, ஒரு வேலி இல்லை. இந்த வயதில் எனக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் எண்ணவேயில்லை. பயம்தான். ஆனால் திரும்பிப் போவோம் என்று மட்டும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அதை அன்று உனக்குச் சொல்லவில்லை. நீ என் முகத்தைப் பார்த்து, எனக்கு விருப்பமில்லை என்று நினைத்திருப்பாய்.

இந்த இடத்தில் ஐந்தாவதைச் சொல்வதுதான் பொருத்தம். இலக்கம் மாறுவதைப் பொறுத்துக்கொள். கரையில் இறங்கியதும் நான் மாலிக்கிடம், இந்த நிலம் ஆருடையது, ஆரிடம் கேட்டு உள்ளே போகவேண்டும் என்று கேட்டேன். அவனுக்கும் எனக்கும் டேனிஷ் தாய்மொழி இல்லை. ஆகவே இருவரும் ஆறுதலாகக் கதைத்தோம், நன்றாக விளங்கியது. "நிலம் இங்க ஒருத்தருக்கும் சொந்தமில்லை. கேட்டே ஆகவேணுமெண்டா என்ர அம்மாவைக் கேளுங்கோ. அவ எதுக்கும் ஏலாது எண்டுதான் சொல்லுவா" என்றான். நீ சிரித்தாய். பிறகு அவன் ஆற்றோரமாய்க் கல் வட்டமிட்டிருந்த ஒரு சமதரையைக் காட்டி, அது ஒரு குடும்பம் ஆண்டாண்டாய் வந்து கூடாரம் அடிக்கும் இடம், அவர்கள் வராவிட்டாலும் நாங்கள் அங்கே அடிக்கக்கூடாது என்றான். எழுத்தில் எங்கும் இல்லாத உரிமை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் காற்றடிக்கும் மேட்டில், கூரான கல் குத்தும் இடத்தில் கூடாரம் அடித்தோம். நாற்பது வருடம் பிறர் நாட்டில் இருந்து பழகிய எனக்கு அந்த மேடு மிகச் சரியான இடமாகப் பட்டது. சுட்டதில் தின்னக்கூடிய எதையும் மலையில் விட்டுவிட்டு வரக்கூடாது, கொண்டுபோனது எதையும் அங்கே போட்டுவிட்டும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மாலிக் படகைத் திருப்பினான். படகுச் சத்தம் அடங்கியபோது நீயும் நானும் மட்டும். வழிகாட்டி இல்லை. நீ படித்த வரைபடமும் என் முழங்கால்களும்தான்.

மழைக்கோட்டு விஷயத்தை நீ யாருக்கும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். வேட்டைக்கான உடுப்பு வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னாய். வீட்டில் நல்ல மழைக்கோட்டு இருக்கிறது என்று நான் மறுத்துவிட்டேன். நடக்கும்போது அது பொரி வறுப்பதுபோலச் சத்தமிட்டது. அந்தப் பெரிய கடா மான், கொம்பை ஒரு கதிரைபோலத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. நீ கல்லின்மேல் துவக்கை வைத்து மூச்சை அடக்கினாய். எனக்கு அதை இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டும்போல இருந்தது. தலையை நீட்டினேன். கோட்டு சரசரத்தது. மான் எங்களைப் பார்த்தது, அவசரமே இல்லாமல் திரும்பி மேட்டுக்கு அப்பால் போய்விட்டது. நீ துவக்கைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, அதைக் கழட்டுங்கோ. நனைஞ்சாலும் பரவாயில்லை" என்றாய். அன்றிரவு எனக்கு உன் கம்பளிச் சட்டையைத் தந்தாய்.

இனிச் சீலை. அம்மாவின் அலுமாரியில் ஒரு சிவப்பு நைலெக்ஸ் சீலை இருந்தது. எத்தனை தரம் தோய்த்தாலும் நிறம் போகாதது. அதைக் கேட்காமல் எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் பேனையால் இலக்கம் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். இரண்டாம் நாள் மேலே ஏறும்போது, ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும் தூரத்தில், குட்டைச் செடிகளிலும் கற்களிலும் கட்டிக்கொண்டே வந்தேன். நீ நாலைந்து துண்டுவரை பொறுத்துப் பார்த்தாய்.

"அப்பா, இதென்ன, தேர்த்திருவிழாவோ?"

"வழி தெரியவேணும், பிள்ளை."

"போனில வரைபடம் இருக்கு."

"இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்."

நீ டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாய். எனக்கு விளங்கியது, விளங்காததுபோல இருந்தேன்.

பின்னேரம் நீ சுட்டாய். ஒரே வெடி. மான் இரண்டு அடி வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தது. நான் காதைப் பொத்தவில்லை, மகள். சுடப்போகிறாய் என்று தெரிந்தும் பொத்தவில்லை. நீ ஓடிப்போய் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழந்தாளில் இருந்தாய். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பக்கத்திலும் நீ இப்படித்தான் இருப்பாய் என்று நினைத்தேன். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, தோலுரிக்கத் தொடங்கினாய். எங்கே வெட்டவேண்டும், எந்தக் காலை நான் பிடிக்கவேண்டும் என்று எனக்குக் கட்டளை வேறு. நான் பிடித்தேன். முடியும்வரை விடவில்லை.

முதற் சுமையோடு இறங்கத் தொடங்கியபோது பனிப்புகார் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, மலை இல்லாமல் போனது என்று சொல்லலாம். நீட்டிய கை எனக்குத் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உன் போன் குளிரில் அணைந்துவிட்டது. நீ இடப்பக்கம் என்றாய், உறுதியாகச் சொன்னாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு பேரும் இடப்பக்கம் நடந்திருப்போம். ஆனால் நான் துண்டைக் காணாமல் அடி வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டேன். அந்த மலையில் நீ காட்டிய வழிக்கு நான் மறுத்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். நான் அசையாமல் நின்றேன். நீ என் குரலை விட்டு விலகாமல், சுற்றிச் சுற்றித் தேடினாய். "அப்பா, நிக்கிறியளோ?" "நிக்கிறன்." "கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ." வாய்ப்பாடு சொன்னேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டின் நடுவில் நீ, "இருக்கு அப்பா, சிவப்பு இருக்கு" என்று கத்தினாய். அது வலப்பக்கம் இருந்தது. அதிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு என்று, கோயில் வாசலுக்கு வருவதுபோலக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் வெளிச்சத்தில் நீ எனக்கு இடப்பக்கத்தைக் காட்டினாய். அங்கே மலை செங்குத்தாய் அறுந்து ஆற்றுக்குள் போயிருந்தது. இதை அம்மாவுக்கு நாம் இதுவரை சொல்லவில்லை. சங்க மலரில் வாசித்து அறியட்டும்.

அன்றிரவு நீ ஈரலைப் பொரித்தாய். அந்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. நான் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு, நீ ஈரல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க ஆர் அப்பா பாக்கப்போகினம்?" என்றாய். பார்க்கிறவர்களுக்காக நான் விரதம் இருப்பதில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான காலைச் சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

நாலாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று காலை நீ இரண்டாம் சுமைக்கு மேலே போனாய். துணிப் பைகளில் தூக்கிக் கட்டியிருந்த இறைச்சியைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிர் ஒட்டியிருந்தது, இரத்தம் காய்ந்திருந்தது. கழுவாத இறைச்சி எங்கள் குசினிக்குள் வந்ததே இல்லை. வெட்டுக்காயத்துக்கு என்று அம்மா தந்துவிட்ட மஞ்சள் போத்தல் என் பையில் இருந்தது. ஆற்றிலே ஒவ்வொரு தொடையாகக் கழுவினேன், உப்பும் மஞ்சளும் பூசினேன், தூசு படக்கூடாது என்று பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினேன். மிகவும் ஒழுங்காகச் செய்தேன். நீ வந்து பையைத் திறந்து, மஞ்சள் நிறமாய் ஈரம் சொட்டும் தொடையைத் தூக்கிப் பார்த்தாய்.

"அப்பா. ஃபிரிட்ஜ் எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் கழுவுகிறோம், உடனே சமைக்கிறோம். மலையிலே அது நாட்கணக்காகக் காற்றில் உலரவேண்டும். ஈரம் பட்டால் பழுதாகும், பையில் மூடினால் இன்னும் கெதியாகப் பழுதாகும். நீ ஏசவில்லை. இருவரும் துடைத்துத் துடைத்துக் கற்களின்மேல் பரப்பினோம். அன்று பார்த்துக் காற்று எதிராக அடித்து, படகு ஒரு நாள் பிந்தியது. ஒரு முன்னங்கால் மணக்கத் தொடங்கிவிட்டது. மாலிக் வந்து அதை மூக்கருகே பிடித்துவிட்டு, "கறி வைக்கத் தொடங்கியிட்டியள், அடுப்பை மட்டும் மறந்திட்டியள்" என்றான். நூக் வரும்வரை அந்தப் பகிடியை அவன் விடவில்லை. உன் முதல் மானில் ஒரு காலை நான் கெடுத்துவிட்டேன்.

அங்கே முதல் மானை ஊருக்குப் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்று மாலிக் சொன்னபோது மட்டும் எனக்கு உயிர் வந்தது. பங்கு போட எனக்குத் தெரியும். உன் வீட்டு நிலத்தில் மட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஒவ்வொரு குவியலிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், எலும்பு, கொழுப்பு என்று, எல்லாரும் எல்லாம் பெறும்படி பிரித்தேன். மாலிக்கின் அம்மா வந்து குவியல்களைச் சுற்றி நடந்து பார்த்தார். எதற்கும் ஏலாது சொல்பவர் என்று மாலிக் சொன்னானே, அவர் ஏலாது என்று சொல்லவில்லை. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கோப்பி கேட்டார்.

இனி ஆறாவது. நான் வரக்கூடாது என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. நான் மெதுவாக நடக்கிறேன். சத்தம் போடுகிறேன். சொன்னதைக் கேட்காமல் இறைச்சியைக் கழுவுகிறேன். என் முழங்கால் இன்னும் ஒரு வருடம் பழசாகிவிட்டது. உனக்கு நான் துணையல்ல, இரண்டாவது சுமை. ஆகவே நீ தனியே போவதானால் இவற்றைச் செய்: வழி நெடுகத் துண்டு கட்டு. புகார் வந்தால் ஒருவர் நிற்க, மற்றவர் தேடவேண்டும். இறைச்சி கீழே இருக்கும்போது ஒருவர் அதன் பக்கத்தில் இருக்க, மற்றவர் மேலே போகவேண்டும்.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன். தனியே போகிறவளுக்கு நான் எழுதிய புத்திமதியில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

அப்போது அம்மா குசினிக்குள் வந்தார். "இஞ்சாருங்கோ, வரமாட்டன் எண்டுதானே அவளுக்கு எழுதுறியள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை அரிசிப் பையை முதுகில கட்டிக்கொண்டு படியேறி இறங்கிறியள்? மூண்டாம் மாடிக்காரி என்னட்டைக் கேக்கிறா, உங்கட மனுசனுக்கு என்ன நடந்தது எண்டு." முழங்காலுக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார் என்றேன். "படி ஏறச் சொன்னவர். அரிசியும் சொன்னவரோ?" என்றார்.

அரிசி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் கட்டிக்கொண்டேன். சித்திரையிலிருந்து கட்டிக்கொண்டு ஏறுகிறேன், ஏன் என்று என்னையே நான் கேட்டுப் பார்க்கவில்லை. நான் வாங்கி இங்கே உன் அறையில் தொங்கவிட்ட சத்தமில்லாத கம்பளிக் கோட்டையும் அம்மா இன்னும் காணவில்லை என்று நினைத்திருந்தேன். அவர் அதற்குப் பொத்தான் தைத்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. துண்டுகளை அவிழ்த்துக்கொண்டு வந்த நீ, எல்லாம் எடுத்தாயிற்று என்றாய். வீட்டுக்கு வந்து இலக்கப்படி அடுக்கியபோது ஏழாவது இல்லை. உனக்குச் சொல்லவில்லை. இந்த வசந்தத்தில் மாலிக் பறவை வேட்டைக்குப் போய் ஒரு படம் அனுப்பினான். பனிக்கு மேலே தலை நீட்டிய ஒரு செடி, அதிலே சிவப்பு, அதிலே என் கையெழுத்தில் ஏழு. "உங்கட கொடி இன்னும் நிக்குது. எடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தான். கொண்டுபோனது எதையும் அங்கே போட்டுவிட்டு வரக்கூடாது என்று சொன்னவனே அவன்தான். நான் அவனுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? "வேண்டாம், விடு" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்பது இன்று, இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அம்மா மிச்சச் சீலையையும் கிழித்துத் தந்திருக்கிறார். கேட்காமல் எடுத்ததற்கு ஏச்சும் சேர்த்துத் தந்தார். இலக்கம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் போத்தலை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். ஏழாவதைக் கட்டியவன் நான், நானே வந்து அவிழ்க்கிறேன். தனியே போகாதே, மகள். எனக்காகப் பொறு.

முதல் ஐந்தையும் நீ சரிபார்த்துக்கொள். ஆறாவதை நான் பிழையாக எழுதிவிட்டேன்.

அப்பா